சத்தியம் செய்ய மறுத்தவர்கள்

பக்தியுள்ளவர் பொய் சொல்லக் கூடாது என்பதில் எந்தக் கிறிஸ்தவச் சபைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பத்துக் கட்டளைகளில் ஒன்று பொய்ச் சாட்சியைத் தடுக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அதை ஒப்பிப்பார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. ஜெபம் ஓரிடத்தில் நடக்கிறது. வியாபாரம், வழக்கு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் வேறிடத்தில் நடக்கின்றன. ஆலயத்தில் இருக்கும் உண்மை கடைக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது? போதனை மட்டும் போதும் என்றால் இப்படிக் கேட்கவே வேண்டியிருக்காது.

இந்த வழியை மிக விரிவாக அமைத்துப் பார்த்தவர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள். அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொண்டார்கள். 'நடுங்குகிறவர்கள்' என்ற பொருளில் மற்றவர்கள் கேலியாக வைத்த 'குவேக்கர்' என்ற பெயர்தான் நிலைத்தது. எண்ணிக்கையில் அவர்கள் எப்போதும் சிறு கூட்டம்தான். இருந்தாலும், நம் ஊர் நீதிமன்றச் சாட்சிக் கூண்டு வரை அவர்களுடைய பிடிவாதத்தின் தடம் இருக்கிறது.

முன்னோடி ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691). நெசவாளியின் மகன், செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் வேலை பழகியவர். கிறிஸ்து ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் நேரடியாகப் பேசுகிறார் என்பது அவர் போதனையின் மையம். இதை குவேக்கர்கள் 'உள்ளொளி' என்றார்கள். இடையில் குருவானவர் தேவையில்லை, எழுதி வைத்த ஜெபமும் தேவையில்லை.

அவர்களுடைய ஆராதனை இப்படி நடக்கும். ஒரு சாதாரண அறை, சில பெஞ்சுகள். பலிபீடம் இல்லை, பிரசங்க மேடை இல்லை. எல்லோரும் வந்து மௌனமாக உட்காருவார்கள். யாருக்காவது உள்ளொளி ஏதோ சொல்லச் சொல்கிறது என்று உறுதியாகத் தோன்றினால், எழுந்து சொல்லிவிட்டு உட்காருவார். தோன்றவில்லை என்றால் பேசக் கூடாது. ஒருவரும் பேசாமலே ஒரு கூடுகை முடியலாம். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. வேறு இடங்களிலுள்ள சில குவேக்கர் சபைகள் பிற்காலத்தில் போதகர்களை ஏற்றுக்கொண்டன. பிரிட்டனில் இன்றும் இந்த மௌன முறைதான் நடக்கிறது.

நேர்மைக்கும் பக்திக்கும் உள்ள முடிச்சு இந்த மௌனத்தில்தான் இருக்கிறது. ராபர்ட் பார்க்ளே என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1676இல் குவேக்கர் நம்பிக்கைகளுக்கு ஒரு விளக்க நூலை லத்தீனில் எழுதினார். சபையாக எழுந்து நின்று பாட்டுப் பாடும் வழக்கத்தை அதில் அவர் கேள்விக்குள்ளாக்குகிறார். தாவீதின் மனந்திரும்புதலைப் பாடும் கூட்டத்தில் மனந்திரும்பாதவர்களும் இருப்பார்கள். தங்களுக்கு இல்லாத கண்ணீரைத் தங்களுடையது என்று அவர்கள் கடவுளிடம் சொல்லும்படி ஆகிறது. பார்க்ளேயின் கணக்கில் அதுவும் பொய்தான், கடவுளின் முகத்துக்கு நேரே சொன்ன பொய். கீர்த்தனையும் ஞானப்பாட்டும் உயிராக இருக்கும் நம் சபைகளுக்கு இந்த வாதம் கடுமையாகப் படும். உள்ளத்தில் இல்லாததைப் பாடிப் பாடித்தான் வரவழைத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் பதில் சொல்லலாம், அந்தப் பதிலிலும் நியாயம் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது பார்க்ளேயின் அளவுகோலை: என்னிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது. ஜெபத்தில் தொடங்கிய இந்த ஒரே விதியைத்தான் குவேக்கர்கள் படிப்படியாக வெளியே கொண்டு போனார்கள்.

முதலில் பேச்சுக்குக் கொண்டு போனார்கள். பெரிய மனிதர்களைப் பன்மையில் விளிப்பது அக்கால ஆங்கில மரியாதை. குவேக்கர்கள் நீதிபதியையும் ஒருமையிலேயே அழைத்தார்கள். யார் முன்னாலும் தொப்பியைக் கழற்றவில்லை. கடித முடிவில் 'தங்கள் பணிவான ஊழியன்' என்று எழுத மறுத்தார்கள், ஊழியன் அல்லாதவன் அப்படி எழுதினால் அது பொய் என்பதற்காக. 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதி விடுப்பு வாங்கிய நமக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். அவர்கள் இதற்காக அடி வாங்கினார்கள்.

அடுத்து நீதிமன்றம். மலைப்பிரசங்கத்தில், மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், சீடர்கள் ஆணையிடவே வேண்டாம், ஆமும் இல்லையும் போதும் என்று இயேசு போதிக்கிறார். யாக்கோபின் நிருபமும் அதையே சொல்கிறது. பெரும்பாலான சபைகள் இதை வீண் சத்தியத்துக்கு எதிரான எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டன. அதிகாரி நியாயமான காரியத்துக்குக் கேட்டால் ஆணையிடலாம் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் கடைசி விதி தெளிவாகவே அனுமதிக்கிறது. குவேக்கர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் அனபாப்திஸ்துகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரில் பலரும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

மறுப்பின் தர்க்கம் எளிமையானது. சத்தியப் பிரமாணம் என்பது கடவுளைச் சாட்சியாக அழைத்து, பொய் சொன்னால் அவர் தண்டிக்கட்டும் என்று ஒப்புக்கொள்வது. இன்று கூண்டில் நின்று 'சத்தியமாகச் சொல்கிறேன்' என்றால், நேற்றுக் கடையில் சொன்னதற்கு அந்த எடை இல்லை என்று ஆகிறது. உண்மை இரண்டு தரமாகப் பிரிந்துவிடுகிறது. கடவுள் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறவர் அவரைத் தனியாகச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

அரசின் பக்கத்து அச்சமும் பொய்யல்ல. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டது. அடுத்த ஆண்டே அரசரிடம் விசுவாசம் காட்டும் ஆணை ஒன்று சட்டமாயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்து 1660இல் மன்னராட்சி திரும்பியபோது, யார் விசுவாசி, யார் கலகக்காரர் என்று பார்க்க அரசிடம் இருந்த கருவி அந்த ஆணைதான். ஆணையிட மறுப்பதைக் குற்றமாக்கி 1662இல் குவேக்கர்களைக் குறிவைத்தே ஒரு சட்டம் வந்தது.

1664இல் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் ஃபாக்ஸும் மார்கரெட் ஃபெல்லும் நிறுத்தப்பட்டார்கள். ஃபெல் ஒரு நீதிபதியின் விதவை. தம் வீட்டையே இயக்கத்தின் தலைமையிடமாக ஆக்கிக் கொடுத்தவர். அரசருக்கு விசுவாசமாக இருக்கிறேன், ஆணை மட்டும் இடமாட்டேன் என்பது அவர் நிலை. ஃபாக்ஸ் கையில் வேதாகமத்தைக் கொடுத்து ஆணையிடச் சொன்னார்கள். ஆணையிடாதே என்று இந்தப் புத்தகமே சொல்கிறதே, அதைச் சொல்லும் என்னைச் சிறையில் வைக்கிறீர்கள், புத்தகத்தை ஏன் வைக்கவில்லை என்று கேட்டதாக அவர் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். ஃபெல்லுக்குக் கிடைத்தது கடுமையான தீர்ப்பு. அரசரின் பாதுகாப்பை இழந்து, சொத்துரிமையை இழந்து, காலவரையின்றிச் சிறையில் கிடக்க வேண்டும். 1668 வரை அவர் உள்ளே இருந்தார். 'விசுவாசமாக இருக்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்துக்கும் 'சத்தியமாக' என்ற சொல்லுக்கும் இடையில் இருந்த தூரம் அவருக்கு நான்கு ஆண்டு.

சிறைக்கு வெளியே இருந்தவர்களையும் இந்த மறுப்பு விடவில்லை. ஆணையிடாதவர் சாட்சி சொல்ல முடியாது. கடன் வாங்கியவர் ஏமாற்றினால் வழக்கை நடத்த முடியாது. அரசுப் பதவி கிடையாது, பல்கலைக்கழகக் கதவும் மூடியது. 1696இல்தான், உரிமையியல் வழக்குகளில் ஆணைக்குப் பதில் குவேக்கர்கள் 'உறுதிமொழி' கூறலாம் என்று சட்டம் இறங்கி வந்தது. உறுதிமொழி என்பது கடவுளைச் சாட்சிக்கு அழைக்காமல், உண்மை சொல்வேன் என்று பொறுப்பேற்பது. பொய்யானால் தண்டனை ஆணைக்கு உள்ளதேதான். முதல் வாசகத்தில் கடவுளின் சந்நிதி என்ற குறிப்பு இருந்ததால் இதுவும் ஆணைதான் என்று குவேக்கர்களில் ஒரு சாரார் முறையிட்டார்கள். 1722இல் அதையும் எடுத்தார்கள். குற்ற வழக்குச் சாட்சிக்கு 1828 வரை காத்திருந்தார்கள். 1833இல் ஜோசப் பீஸ் உறுதிமொழி கூறி நாடாளுமன்றத்தில் அமர்ந்தார், அப்படி அமர்ந்த முதல் குவேக்கர் அவர்.

பிறகு நாத்திகரான சார்லஸ் பிராட்லா நடத்திய நீண்ட போராட்டத்தால் 1888இல் இந்த வாய்ப்பு எல்லோருக்குமானது. இந்தியாவின் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் சாட்சிக்கு இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இரண்டும் உண்டு. தமிழ்நாட்டில் பதவியேற்பு விழாவில் ஓர் அமைச்சர் ஆண்டவன் பெயரைச் சொல்லியும், இன்னொருவர் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்றும் பொறுப்பேற்பது இதனால்தான். கடவுளிடம் மிக நெருங்கி வாழ நினைத்தவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமையை இன்று கடவுள் மறுப்பாளர்களும் பயன்படுத்துகிறார்கள். வரலாறு சில சமயம் இப்படிக் குறும்பு செய்யும்.

மூன்றாவது இடம் கடை. அன்றைய இங்கிலாந்தில் பேரம்தான் வழக்கம். நம் கடைத்தெருவில் இன்றும் காணலாம். 'கட்டுப்படியாகாதுங்க' என்பார் கடைக்காரர். நாம் நான்கு அடி நடந்ததும் 'சரி, வாங்க, எடுத்துக்குங்க' என்பார். இருவருக்கும் தெரிந்த ஆட்டம் என்பதால் அதை யாரும் பொய் என்று எண்ணுவதில்லை. ஃபாக்ஸ் எண்ணினார். வாங்கிக்கொள்ளச் சம்மதமுள்ள விலை ஒன்று, வாயால் சொல்லும் விலை வேறொன்று என்றால், சொன்னது பொய். குவேக்கர் கடைகளில் ஒரே விலை சொன்னார்கள். ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள் என்று ஃபாக்ஸே எழுதுகிறார். பிறகு, குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று தெரிந்து கூட்டம் திரும்பி வந்தது.

தனி மனிதரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி அவர்கள் இதை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மாதக் கூட்டம் இருந்தது. ஆராதனையைப் போலவே மௌனத்தில் தொடங்கி, வாக்கெடுப்பு இல்லாமல் முடிவெடுக்கும் நிர்வாகக் கூட்டம் அது. குறிப்பிட்ட காலங்களில் அங்கே சில கேள்விகளை வாசிப்பார்கள். கொடுக்கல் வாங்கலில் நியாயமாக இருக்கிறீர்களா? சொன்ன தவணையில் கடனைக் கட்டுகிறீர்களா? அரசருக்குச் சேர வேண்டிய சுங்கத்தை ஏய்க்காமல், கடத்தல் சரக்கு என்று சந்தேகப்படுவதைத் தொடாமல் இருக்கிறீர்களா? ஒரு வியாபாரி தள்ளாடுகிறார் என்று தெரிந்தால் உறுப்பினர்கள் சிலர் வீட்டுக்கே போய் விசாரிப்பார்கள், கணக்கையும் பார்ப்பார்கள். தவறியவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அதைக் கூட்டத்தில் வாசித்து ஏற்றுக்கொள்வார்கள். மற்றவர்களை நீக்கிவிடுவார்கள்.

நீக்கத்தில் முகம் பார்க்கவில்லை. நியூகேட் சிறையின் பெண் கைதிகளுக்காக உழைத்துப் புகழ்பெற்ற எலிசபெத் ஃப்ரை குவேக்கர். அவர் கணவர் ஜோசப் ஃப்ரையின் வங்கி 1828இல் நொடித்தபோது, அந்தப் புகழ் கணவரைக் காப்பாற்றவில்லை. மாதக் கூட்டம் அவரை நீக்கியது. திவாலாவது எப்படிப் பாவமாகும் என்று நமக்குத் தோன்றலாம். திருப்பித் தர முடியாத நிலையை அடுத்தவர் பணத்தில் தொழில் செய்பவர் முன்பே அறிந்திருக்க வேண்டும், அறியாமல் வாக்குக் கொடுத்தது தவறு என்பது அவர்கள் பார்வை. கொஞ்சம் இரக்கமற்ற பார்வைதான்.

இந்தக் கறார் பணமாகவும் மாறியது. பதவியும் பல்கலைக்கழகமும் மூடியிருந்ததால் திறமை எல்லாம் தொழிலுக்குப் போயிற்று. நம்பகம் என்ற பெயர் முதலீடாக நின்றது. பார்க்ளேஸ், லாயிட்ஸ் வங்கிகளின் வேர்களும், கேட்பரி, ஃப்ரை, ரௌன்ட்ரீ சாக்லேட் நிறுவனங்களின் தொடக்கமும் குவேக்கர் குடும்பங்களில்தான். அந்தப் பெயரின் விலை எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று மளிகைக் கடை அலமாரியிலேயே இருக்கிறது. ஓட்ஸ் டப்பாவில் உள்ள குவேக்கர் உருவத்தை 1877இல் அமெரிக்காவில் ஓர் ஆலை வணிக முத்திரையாகப் பதிந்தது. அந்த ஆலைக்கும் நண்பர்கள் சங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உண்மை பேசுவதைக் காப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு. ஆனால் பேச்செல்லாம் உண்மையாக இருந்தும் காரியம் பொய்யாக இருக்க முடியுமா? இந்தக் கேள்வியை ஜான் வூல்மன் (1720–1772) சந்தித்தார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மவுன்ட் ஹாலி என்ற ஊரில், இருபதுகளின் தொடக்கத்தில், ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். பத்திரம் எழுதுவதும் அவர் வேலை. முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றார். வாங்குபவர் காத்திருந்தார், அவரும் குவேக்கர்தான். விற்பனைப் பத்திரத்தை உடனே எழுதச் சொன்னார்கள்.

அந்தப் பத்திரத்தில் பொய் எதுவும் இல்லை. சொன்ன விலைதான் விலை, ஒளிவு மறைவும் இல்லை. எந்த மாதக் கூட்டத்தின் கேள்விக்கும் அது தப்பாமல் பதில் சொல்லும். இருந்தும் வூல்மனின் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக் கூலிக்கு இருப்பவர், முதலாளி சொல்கிறார், வாங்குபவர் வயதான நல்ல மனிதர் என்று எண்ணி எழுதிவிட்டார். எழுதி முடித்து, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று நம்புவதாக இருவர் முன்னும் சொன்னார். அப்படிச் சொன்னது பாரத்தைக் கொஞ்சம் குறைத்தது. ஆனாலும் எழுதாமல் விலகியிருந்தால் தெளிவாக இருந்திருப்பேன் என்று பின்னர் நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த முறை ஒருவர் இதே வேலையைக் கேட்டபோது மறுத்துவிட்டார். ஓர் அண்டைவீட்டுக்காரரின் உயிலில் அடிமையைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதிக் கொடுத்தார். இருவரும் பேசிப் பார்த்ததில், கடைசியில் அந்த அண்டைவீட்டுக்காரர் அடிமையை விடுவிக்கச் சம்மதித்தார். அடிமைகள் உள்ள வீடுகளில் தங்க நேர்ந்தால், தமக்குச் செய்த வேலைக்குக் கூலி அந்த அடிமைகளின் கைக்குப் போகும்படி வூல்மன் பார்த்துக்கொண்டார். அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தவிர்த்தார்.

வூல்மனின் சபையோ மெதுவாகத்தான் நகர்ந்தது. அடிமை முறைக்கு எதிராக பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் 1688இலேயே ஒரு மனு எழுதியிருந்தார்கள். மாதக் கூட்டம் அதை மேலே அனுப்பியது, அங்கிருந்து அதற்கும் மேலே போனது, அப்படியே கிடப்பில் கிடந்தது. பிலடெல்பியாவின் ஆண்டுக் கூட்டம் உறுப்பினர்கள் அடிமை வைத்திருப்பதையே தடை செய்தது 1776இல். இடையில் 88 ஆண்டுகள். அத்தனை காலமும் அவர்கள் ஒரே விலைதான் சொன்னார்கள், ஆணையிடவும் இல்லை.

20ஆம் நூற்றாண்டில் இதன் இன்னொரு வடிவம் வந்தது. 1901இல் சாக்லேட் நிறுவனத்தின் வில்லியம் கேட்பரியின் கவனத்துக்கு ஒரு விற்பனை அறிவிப்பு வந்தது. விற்பனைக்கு இருந்தது, போர்த்துகீசியரின் கையில் இருந்த சாவோ தோமே தீவின் ஒரு கொக்கோத் தோட்டம். சொத்துப் பட்டியலில் கூலியாட்களும் விலையோடு இருந்தார்கள். கேட்பரி வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழப் பாதி அந்தத் தீவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விசாரிக்க ஜோசப் பர்ட் என்பவரை 1905இல் அனுப்பினார்கள். அரசு வழியாகப் பேசிப் பார்த்தார்கள். 1909 மார்ச்சில்தான் வாங்குவதை நிறுத்தினார்கள். இதற்குள் ஒரு லண்டன் நாளிதழ் அவர்களைப் பாசாங்குக்காரர்கள் என்னும்படி தாக்கி எழுத, கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. அதே ஆண்டு பர்மிங்காமில் ஜூரிகள் கேட்பரி பக்கம் தீர்ப்பளித்தார்கள். நஷ்ட ஈடாகக் கொடுக்கச் சொன்னது ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. அவமதிப்பு நடந்தது உண்மை, ஆனால் இழந்த மானம் இவ்வளவுதான் என்று சொல்வது போன்ற தொகை.

நிறுவனத்தார் பொய் சொன்னார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. உடனே நிறுத்தினால் வற்புறுத்திக் கேட்கும் பிடியும் போய்விடும் என்று அவர்கள் சொன்ன காரணம் உள்ளபடியே அவர்கள் நம்பியதாக இருக்கலாம். என் மதிப்பீடு இவ்வளவே: ஜெபத்தில் உள்ளதை மட்டும் சொல் என்ற விதி நீதிமன்றத்துக்கும் கடைக்கும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், ஒவ்வோர் இடத்திலும் அதைக் கேட்க ஆள் இருந்ததுதான். உள்ளொளி மட்டும் அதைச் செய்யவில்லை. மாதக் கூட்டமும், கதவைத் தட்டிய உறுப்பினர்களும், வாசித்த கேள்விகளும் சேர்ந்து செய்தன. கேள்வி எட்டாத இடத்தில் நேர்மையும் தாமதமாகத்தான் எட்டியது. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கும் பழக்கம் அவர்களிடம் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, அரசரின் சுங்கத்துக்காக. அதையே சரக்கை விளைவித்தவருக்காகவும் விசாரிக்கலாம் என்று வூல்மன் சர்க்கரை விஷயத்தில் காட்டிப் போயிருந்தார். கேட்பரிக்கு அதற்கு எட்டு ஆண்டு ஆயிற்று.